நட்டத்தைத் தாங்கும் வசதி

பங்குச் சந்தையில் ஜெயிக்க எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்டால், கூர்மையான அறிவு, துணிச்சல், கட்டுப்பாடு என்று சொல்வார்கள். இவற்றில் கட்டுப்பாடு ஒன்றுதான் தேறும் என்பேன். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒருவருக்கு எங்கிருந்து வாய்க்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை.

அறிவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1997இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகளாக இருந்த எல்டிசிஎம் நிதியம், அடுத்த ஆண்டே சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்து நின்றது. துணிச்சலும் அப்படித்தான். அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரகுக் கணக்குகளை ஆராய்ந்த பார்பர், ஓடியன் இருவரும் 2001இல் வெளியிட்ட முடிவு இது: ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு அதிகமாக வாங்கி விற்றார்கள், அதனாலேயே பெண்களைவிட அதிகமாக வருமானத்தைக் கரைத்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும் எவரும் சிகாகோவின் ‘ஆமைகள்’ கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ரிச்சர்ட் டென்னிஸ் சில நூறு டாலரில் தொடங்கிச் சரக்குச் சந்தையில் பெரும் செல்வம் சேர்த்தவர். வணிகத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றார் அவர்; அது கூடவே பிறக்க வேண்டும் என்றார் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட். யார் சொல்வது சரி என்று பார்க்க, 1983இன் இறுதியில் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார்கள்; அப்படி எடுக்கப்பட்டவர்கள்தான் ‘ஆமைகள்’. கணக்காளர், நடிகர், சூதாட்ட விடுதிகளில் சீட்டாடிப் பழகியவர், இருபது வயதை எட்டாத இளைஞர் எனப் பலதரப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு வாரம் பயிற்சி. விதிகள் எளியவை: விலை கடந்த 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, எதிர்த்திசையில் போனால், கணக்கிலுள்ள பணத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு போவதற்குள் வெளியேறு. சில ஆண்டுகளில் அந்தக் குழு பத்துக் கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது.

சாதாரண ஆளும் கட்டுப்பாடு இருந்தால் சாதிக்கலாம் என்று இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். கதையின் பாதியை விட்டுவிட்டுத்தான் அப்படி முடிக்க முடியும். ஆமைகள் வாங்கி விற்றது டென்னிஸின் பணத்தில். அந்த முறையில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். மாதக்கணக்கில் சிறுசிறு நட்டங்களை விழுங்கினால்தான் எப்போதோ ஒரு பெரிய லாபம் வரும். வீட்டு வாடகையை அந்த லாபத்தில் கட்ட வேண்டியவருக்கு அத்தனை மாதம் காத்திருக்கும் மனம் எப்படி வரும்?

இங்கே, ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் ஓர் எக்ஸ்பைரி நாளை எடுத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் 80 ரூபாய் பிரீமியத்தில் நிஃப்டி கால் ஆப்ஷன் ஒரு லாட் வாங்குகிறார். விலை 60க்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறார். விலை 63க்கு வந்ததும் ஸ்டாப் லாஸை 50க்கு இறக்குகிறார். 52க்கு வந்ததும் அதை எடுத்தே விட்டு, இன்னொரு லாட் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கிறார். மாலை மூன்றரை மணிக்குப் பிரீமியம் ஐந்து பைசா. மறுநாள் காலை, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு மடங்கு போடுகிறார். விதி தெரியாமல் செய்கிறாரா? மற்றவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணமாக இருந்தால், போனது போகட்டும் என்று அவரால் எழுந்துவர முடியாது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் குணநலன் பற்றிய ஆவணமாகவும் படிக்கலாம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள். சராசரி நட்டம் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 விழுக்காடுதான். 2023-24இல் வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல், ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். தொடர்ந்து நட்டப்பட்டும் முக்கால்வாசிப் பேர் விலகவில்லை.

எதிர்ப்பக்கம் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். அதே 2023-24இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் மொத்த லாபம், செலவுகளைக் கழிக்கும் முன், சுமார் 33,000 கோடி ரூபாய். அதில் 96 விழுக்காடு அல்கோ எனப்படும் கணினி நிரல் வணிகத்தின் மூலம் வந்தது. அந்த நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. வரம்பைத் தாண்டினால் கணினியோ மேலதிகாரியோ நிறுத்துவார்கள். அவருடைய கட்டுப்பாட்டில் பெரும்பகுதி அவருக்கு வெளியே இருக்கிறது.

நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், அடுத்தாளாகி, மேலாளாகித்தான் தனித்து முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தார். அதுவரை முதலாளியின் முதல், முதலாளி தரும் சம்பளம், பக்கத்திலேயே கணக்குப் பார்க்கும் ஒரு மூத்தவர். அது கொடுக்கல் வாங்கல் தொழில். ஆப்ஷன் வணிகம் அல்ல. ஆனாலும் பணத்தைக் கையாளும் நிதானம் குடும்பமும் முறையும் சேர்ந்து ஒருவருக்குள் ஊற்றி வளர்ப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று அந்த இடத்தில் ‘மைண்ட்செட்’ வகுப்புகள் வந்திருக்கின்றன. தோற்றால் உன் மனம் சரியில்லை என்கிறார்கள். இந்தப் பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. குறைந்த முதல், கடன் வாங்கிய பணம், கட்டணமும் வரியும் தின்றது போக மிஞ்சாத ஆட்டம் என எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, இருபத்தைந்து வயதுப் பையனின் குணத்தின் மீது பழியைப் போடுகிறது அது. பணத்தோடு தன்மதிப்பையும் இழந்தவர் அதை மீட்கத்தான் மறுபடியும் சந்தைக்கே போகிறார்.

பத்தில் ஒன்பது பேர் நட்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கை 2023 ஜூலை முதல் தரகுச் செயலிகளைத் திறக்கும்போது வருகிறது. ஒவ்வொருவரும் தன்னைப் பத்தாவது ஆளாக எண்ணி ஒரு தட்டுத் தட்டி நகர்ந்துவிடுகிறார். அந்தப் பொது எச்சரிக்கையின் இடத்தில், தரகு, வரி எல்லாம் சேர்த்து இதுவரை அவரவர் கணக்கில் போன தொகையை அவரவர் பெயருடன் காட்ட வேண்டும் என்று செபி உத்தரவிட வேண்டும். அறிவித்த ஆண்டு வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் நட்டம் போனால், அந்த நிதியாண்டு முடியும்வரை ஆப்ஷன் வாங்கும் வசதியையும் நிறுத்திவைக்க வேண்டும். சம்பள வணிகருக்கு மேலதிகாரி செய்யும் காவலை, சொந்தப் பணத்தில் இறங்குபவருக்கும் யாராவது செய்தாக வேண்டும்.