சீருடை அணிந்த நம் வகுப்புத் தோழன்



நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நாள். எங்கள் பங்கில் அன்றைய மாலைத் திருப்பலிக்கு முன் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம். அந்தப் பெயர்களில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் பெயரும் உண்டு. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்து இருந்த பெயர் அது. பிளஸ் டூ முடித்ததும் இராணுவத்தில் சேர்ந்தான். பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினான். வடக்கே ஒரு மலைப்பாதையில் இராணுவ வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து இறந்தான்.

அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சண்டையிலா இறந்தார்?" "இல்லை, வண்டி விபத்து" என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் இருந்த ஆர்வம் குறைந்துவிடும். அவனுடைய தாயிடமே இப்படிக் கேட்டவர்கள் உண்டு. மகனை இழந்த தாய்க்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். நாம் படைவீரரை நினைக்கிறோமா, அல்லது போரை இரசிக்கிறோமா?

படைவீரரின் சாவு எப்போதும் போர்க்களத்தில் வருவதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில் பனிச்சரிவில் சிக்கி மதராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் இறந்தனர். அவர்களில் நம் தமிழக வீரர்களும் இருந்தனர். அங்கே எந்த எதிரியும் சுடவில்லை. 1984 முதல் சியாச்சினில் துப்பாக்கிக் குண்டுகளைவிடக் குளிரும் பனியுமே அதிக உயிர்களைப் பறித்துள்ளன. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் இறந்தனர். அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அந்த மோதலும் துப்பாக்கிகளால் நடந்ததல்ல; கற்களாலும் தடிகளாலும் நடந்தது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பறை இருந்தது. பக்கத்து இருக்கையில் அமர்ந்த ஒரு நண்பன் இருந்தான்.

2025 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அந்தக் குடும்பங்களின் கண்ணீர் நியாயமானது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோபமும் நியாயமானது. மே 7 அன்று இந்தியப் படைகள் தாக்குதல் நடத்தின. மே 10 அன்று சண்டை நிறுத்தம் வந்தது. அந்த நான்கு நாட்களும் பல வீடுகளில் தொலைக்காட்சியைக் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதுபோல் பார்த்தோம். "ஏன் நிறுத்தினார்கள்?" என்று வருத்தப்பட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

ஆனால் அதே நாட்களில் எல்லையோர நகரமான பூஞ்சில் என்ன நடந்தது? கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் கிறைஸ்ட் பள்ளியின் பின்புறம் ஒரு குண்டு விழுந்தது. அந்தப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகள் உயிரிழந்தனர். அருட்சகோதரிகளின் மடம் ஒன்றும் குண்டுவீச்சில் சேதமடைந்தது. பள்ளி மீண்டும் திறந்தபோது அந்த இருவரும் இல்லாத வகுப்பறைக்குத்தான் அவர்களுடைய தோழர்கள் திரும்பிச் சென்றிருப்பார்கள். வகுப்புத் தோழனை இழந்தவர்களுக்குப் போர் ஓர் ஆட்டமல்ல.

அப்படியானால் திருச்சபை படைவீரரை வெறுக்கிறதா? நிச்சயமாக இல்லை. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் சொல்லும் வார்த்தைகள் யாருடையவை? நாம் தகுதியற்றவர்கள் என்றும், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் ஆண்டவரிடம் வேண்டுகிறோமே, அது ஓர் இராணுவ அதிகாரியின் வாயிலிருந்து வந்தது. தம் ஊழியனுக்காக இயேசுவிடம் மன்றாடிய நூற்றுவர் தலைவர் அவர் (மத் 8:5-13). அப்படிப்பட்ட நம்பிக்கையை இஸ்ரயேலில் கூடக் கண்டதில்லை என்று இயேசுவே வியந்தார். தம்மிடம் வந்த படைவீரரைத் திருமுழுக்கு யோவான் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார் (லூக் 3:14).

1965-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும் இதையே கற்பிக்கிறது. நாட்டுக்காகப் படையில் பணிபுரிவோர் மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணியாளர்கள். தங்கள் கடமையைச் சரியாகச் செய்தால் அமைதிக்கு உதவுகிறார்கள் என்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று உலகத்தைக் கெஞ்சினார். திருத்தந்தை பதினான்காம் லியோ, பொறுப்பேற்ற மூன்றாம் நாளே, 2025 மே 11 அன்று, இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியதை மனமுவந்து வரவேற்றார். வீரரை மதிப்பதும் போரை மறுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. வீரரை உண்மையாக நேசிப்பவன்தான், அவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று விரும்புவான்.

இன்றும் நம் ஊர் மைதானங்களில் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களைக் காண்கிறோம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் விதிப்படி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 25 விழுக்காட்டினர் மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சேவா நிதியாக ஒரு தொகை மட்டும் உண்டு. இத்திட்டத்தை ஆதரிப்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. ஆனால் இளம் வயதிலேயே வீடு திரும்பும் அந்தப் பிள்ளைகளை நம் பங்குகள் எப்படி வரவேற்கப் போகின்றன? இறந்த வீரருக்கு மாலை போடும் நாம், உயிரோடு திரும்பியவருக்கு என்ன செய்கிறோம்?

அன்பார்ந்தவர்களே, நம்மால் முடிந்தவை சில உண்டு. நம் அன்பியத்தில் படைவீரரின் விதவையோ, பெற்றோரோ இருந்தால், சடங்குக்காக அல்லாமல் உறவுக்காக அவர்கள் வீட்டுக்குச் செல்வோம். ஓய்வூதியத்திற்காகவும் பிள்ளைகளின் கல்வி உதவிக்காகவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தால் உடன் செல்வோம். டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். பள்ளியில் காசு கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சிறிய கொடியை மறந்திருக்க மாட்டோம். அன்று என் நண்பனும் அதைக் குத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். அந்தப் பணம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குத்தான் போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

என் நண்பனைக் கதாநாயகனாக நினைக்க என்னால் முடியவில்லை. கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதியவன், மதிய உணவில் தன் முட்டையைப் பாதி எனக்குத் தந்தவன் என்றே நினைக்க முடிகிறது. கடவுளும் அவனைப் பதக்கத்தால் அல்ல, பெயரால்தான் அறிந்திருக்கிறார். அடுத்த முறை எல்லையில் பதற்றம் என்று செய்தி வரும்போது, ஆரவாரம் செய்வதற்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு வீரரின் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் செபிப்போம். எல்லைக்கு அப்பால் தன் மகனுக்காக அழும் தாயையும் அந்தச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.

இறந்த நம் வீரர்கள் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. ஆமென்.