களைப்பை அளந்து பார்ப்போம்



“கொஞ்சத் தூரம் நடந்தாலே இளைக்குது. முந்தின மாதிரி ஏலாது.”

மாதர் சங்கக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வீட்டார் இதைச் சோம்பல் என்கிறார்கள். அயலவர் வயது போய்விட்டது என்கிறார்கள். சொல்கின்ற பெண்ணோ தலைவிதி என்று விட்டுவிடுகிறாள். தண்ணீர் அள்ளி, விறகு சுமந்து, தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு உடலின் தாங்குசக்திதான் முதல். கடனுக்கும் சீட்டுக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம் இந்த முதலுக்குக் கணக்கு வைப்பதில்லை.

நெடுந்தூரம் ஓடும் வீரர்கள் முதலில் தங்கள் உடலைச் சோதித்துப் பார்த்து, அதற்கு ஏற்பவே பயிற்சியை அமைக்கிறார்கள். 1968இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க வைத்தியர், விமானப் படையினரை 12 நிமிடம் ஓடவிட்டு, ஓடிய தூரத்தைக் கொண்டு அவர்களின் தாங்குசக்தியைக் கணித்தார். பின்னர் இதனை 12 நிமிட நடையாக மாற்றி மூச்சு நோயாளரிடம் பயன்படுத்தினர். அதுவும் அவர்களுக்குக் கடினமாக இருந்ததால், 1982இல் 6 நிமிடமாகக் குறைத்தனர். படையினருக்கென உருவான அளவுகோல் இவ்வாறுதான் நோயாளர் கைக்கு வந்தது. நாமும் அதனைப் பயன்படுத்தலாம்.

சனசமூக நிலைய வளவு போன்ற மட்டமான இடத்தில் 10 மீற்றர் கயிற்றை மூன்று முறை பிடித்து 30 மீற்றரை அடையாளமிடுங்கள். பத்து நிமிடம் ஆறுதலாக இருந்துவிட்டு, 6 நிமிடத்துக்கு உங்களால் இயன்ற வேகத்தில் போய்வந்து நடவுங்கள். ஓட வேண்டாம். இளைத்தால் நின்று, பிறகு தொடரலாம். மணிக்கூடு மட்டும் ஓடட்டும். ஒருவர் நடக்க இன்னொருவர் சுற்றுக்களை எண்ணட்டும். இரண்டாம் தடவையில் பழக்கத்தினாலேயே தூரம் கூடுவதுண்டு. எனவே இரண்டு நாட்கள் செய்து, கூடிய தூரத்தை எழுதுங்கள்.

உதாரணமாக, ஒருவர் 420 மீற்றர் நடந்தார் என வைப்போம். நிமிடத்துக்கு 70 மீற்றர். அதன் 80 வீதம் 56 மீற்றர். இதுவே அவருடைய பயிற்சி வேகம். அதாவது 10 நிமிடத்தில் 560 மீற்றர். இந்த வேகத்தில் 10 நிமிடத்துடன் தொடங்கி, சிறிது சிறிதாக 30 நிமிடம் வரை கூட்டலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் போதும். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட முடியாதிருக்கவேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. கதைக்கவே முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. எட்டு வாரத்தின் பின் அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் சோதியுங்கள். நுரையீரல் நோயாளரிடம் 30 மீற்றர் அளவு கூடுவதையே வைத்தியர்கள் நல்ல முன்னேற்றமாகக் கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரியின் தூரத்தோடு உங்கள் தூரத்தை ஒப்பிட வேண்டாம். செயற்கைக் காலுடன் நடப்பவருக்கு அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது. அவருடைய 300 மீற்றர் இன்னொருவரின் 400 மீற்றருக்குக் குறைந்த உழைப்பல்ல.

அடுத்தது நாடித்துடிப்பு. காலையில் எழும்புமுன் மணிக்கட்டில் விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை வழமையானது. பயிற்சி செய்யச் செய்ய இந்த எண் மெல்லக் குறையும். வழமையைவிட நன்றாகக் கூடியிருந்தால் உறக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் தொடங்குகிறது என்றிருக்கலாம். அன்று ஓய்வெடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2009 வரை ஷெல்லுக்கும் கிபிருக்கும் ஓடி ஒளிந்த நமக்கு, நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்தின் அடையாளமாகவே பதிந்துவிட்டது. நடக்கும்போது நெஞ்சு படபடத்தால் பழைய நினைவு வந்து, நடையையே கைவிடும் பெண்கள் இருக்கிறார்கள். நின்றவுடனும், ஒரு நிமிடத்தின் பின்னும் நாடியை எண்ணிப் பாருங்கள். உழைப்பினால் ஏறிய துடிப்பு ஓய்வெடுக்க இறங்கும். உடல் பலப்படப் பலப்பட அது விரைவாக இறங்கும். இறங்கும் எண்ணைத் தன் விரலாலேயே உணர்வது பயத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்கும்.

ஒழுங்காக நடந்தும் தூரம் கூடவில்லை, களைப்பு மாறவில்லை என்றால் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. நடை மட்டும் அதனைத் தீர்க்காது. முருங்கையிலை, பயறு, மீன் சாப்பிடுங்கள். தேசிக்காயும் கொய்யாப்பழமும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்துச் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், உடலில் ஷெல் துண்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்ட பின்பே சோதனை செய்யவேண்டும். சில அழுத்தக் குளிசைகள் நாடி ஏறுவதைத் தடுக்கும். அவற்றைக் குடிப்பவர்கள் பேச்சையே அளவாகக் கொள்ளட்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, தூரம், நாடி என மூன்று நிரல் கீறுங்கள். அடுத்த சங்கக் கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கி எல்லோருமாக நடந்து பாருங்கள். முதல் நாள் எண் சிறிதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்த எண்தான் சொல்லும்.