வரப்பு எங்கே?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறுகிறது ஒரு வண்டி. செல்போனில் டவர் இல்லை. ஆனாலும், முன்பே பதிந்து வைத்த வரைபடத்தில் வண்டியின் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது!

எப்படி?

சுமார் 20 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை நேரம் குறித்து ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. அலை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. 4 கோள்களின் அலை கிடைத்தால், நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், காப்புரிமை கேட்கலாம். ஆனால், எவ்வளவு கேட்கலாம்?

நான்கெல்லை

நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோம். காப்புரிமைப் பத்திரத்தில் அந்த எல்லைக்கு "உரிமைக் கோரிக்கை" என்று பெயர்.

"செயற்கைக்கோள் மூலம் இடம் காட்டும் கருவி எல்லாம் எனக்கே" என்று இன்று ஒருவர் எழுதினால் செல்லாது. அது பழைய கண்டுபிடிப்பு. "மலைப் பாறையில் பட்டுத் திரும்பி வரும் அலையை இந்த முறையில் ஒதுக்குவேன்" என்று தம்முடைய புதுமையை மட்டும் எழுதினால், உரிமை நிலைக்கும்.

பேராசை பெருநஷ்டம்!

பிறர் பின்னால் செய்தால் எது அத்துமீறலோ, அதையே பிறர் முன்னால் செய்திருந்தால், உரிமையே போய்விடும். வழக்குக்கு ஒரு வரப்பு, வாதத்துக்கு ஒரு வரப்பு என்று வைத்துக்கொள்ள முடியாது.

மோட்டார் சைக்கிள் வழக்கு

இப்படி ஒரு வழக்கு சென்னை ஐகோர்ட்டிலேயே நடந்தது.

சிறிய என்ஜினில் 2 ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் கம்பெனி 2002-ல் மனு செய்து, 2005-ல் காப்புரிமை பெற்றது. 2007-ல் டி.வி.எஸ். கம்பெனி "பிளேம்" என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தது. அதிலும் 2 பிளக்!

"எங்கள் முறை" என்றது பஜாஜ். "2 பிளக் ஹோண்டாவின் பழைய காப்புரிமையிலேயே இருக்கிறது. மேலும், எங்கள் என்ஜினில் 3 வால்வு" என்றது டி.வி.எஸ்.

2008-ல் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009-ல் 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை நீக்கியது. இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, சாதாரணமாக 4 மாதத்தில் தீர்ப்புக் கூற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அதே ஆண்டு சொன்னது.

ஆனால் வழக்கு முடிந்தது 2019-ல். அதுவும் சமரசத்தில்!

காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. அதில் 12 ஆண்டு வழக்கிலேயே போயிற்று. பெரிய கம்பெனிகள் தாங்கின. கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருப்பவர் ஒரு புதுக் கருவி செய்தால், அவரால் தாங்க முடியுமா?

கேட்பவர் எல்லையைத் தெளிவாக எழுத வேண்டும். கொடுக்கும் அலுவலகம் பழைய கண்டுபிடிப்புகளைத் துருவிப் பார்க்க வேண்டும். கோர்ட்டு விரைந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வரப்புத் தெளிவாக இருந்தால், வம்பு இல்லை.