திரை வந்துவிட்டது, பாடம் வரவில்லை

எங்கள் சேரியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காது கேட்காது. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் பெரிய திரை மாட்டி வீடியோவில் பாடம் நடத்தத் தொடங்கியபோது எல்லோரையும்விட அவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள். சில வாரம் கழித்து அவளுடைய அறிவியல் நோட்டை வாங்கிப் பார்த்தோம். ஒளிச்சேர்க்கைப் பாடம். இலை, சூரியன், வேர், அம்புக்குறிகள் எல்லாவற்றையும் அச்சில் வார்த்ததுபோல் வரைந்திருந்தாள். ஆனால் எந்த அம்புக்குறிக்குப் பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. ஒன்றைத் தொட்டுக்காட்டி, இது என்ன என்று கையால் கேட்டோம். உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தோம். படம் ஓடுகிறது, பின்னால் ஒரு குரல் பேசுகிறது. பாடம் முழுவதும் அந்தக் குரலில்தான் இருக்கிறது. கீழே சப்டைட்டில் இல்லை. ஓரத்தில் சைகை மொழியில் சொல்பவரும் இல்லை.

“பெரிய ஸ்கூல் மாதிரி படம்லாம் போடறாங்க தம்பி. இதுவும் குந்திப் பாக்குது. வூட்டுக்கு வந்து என்னாடி பாத்தன்னு கேட்டா கைய விரிக்குது” என்றார் அவளுடைய அம்மா. நூறு நாள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

அதே மாலைப் பள்ளிக்குப் பார்வை மிகக் குறைந்த ஒரு பையனும் வருகிறான். அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்கு வீடியோவைக் கேட்டோம். “இங்க பாருங்க, இந்தக் கோடு இதோட சேர்ற இடத்துலேருந்து இதுவரைக்கும்” என்று போகிறது பாடம். “எந்தக் கோடுண்ணா?” என்றான். ‘ஏ புள்ளியிலிருந்து பி புள்ளிவரை’ என்று அந்த ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இதைத்தான் உள்ளடக்கிய கல்வி என்கிறார்கள். சிறுவன் பீமராவும் வகுப்பறைக்குள்தான் இருந்தார். மூலையில், தனியாக, தினமும் வீட்டிலிருந்து தூக்கிவந்த சாக்குத் துணியில் உட்கார்ந்திருந்தார். வகுப்புக்குள் இருப்பதும் வகுப்பில் ஒருவராக இருப்பதும் வேறு வேறு என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் வீடியோவுக்கு எதிரானவர்கள் இல்லை. ஊனமுற்ற பிள்ளைகளுக்குக் கரும்பலகை தராத பலவற்றை வீடியோவால் தர முடியும் என்பதால்தான் எங்களுக்கு இவ்வளவு கோபம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, வகுப்பில் எழுந்து “திரும்பச் சொல்லுங்க சார்” என்று கேட்காது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அதற்குத் தெரியும். வீடியோவை அது பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், யாரும் திட்டமாட்டார்கள். தசைச் சிதைவு நோயால் தினமும் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வகுப்பைப் பதிவு செய்து கொடுக்கலாம். நீலகிரியின் பழங்குடிப் பிள்ளைகளில் அரிவாளணு ரத்தசோகை உள்ளவர்கள் இருக்கிறார்கள். வலி வந்தால் பள்ளி போய்விடும். 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. விட்டுப்போன பாடம் அந்தப் பிள்ளையின் கைக்கு வந்தால் ஒரு ஆண்டு வீணாகாது.

இதெல்லாம் கருணைக் கோரிக்கை அல்ல. அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் எல்லாமே ஊனமுற்றோர் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மின்னணு ஊடகத்தில் சப்டைட்டில், சைகை மொழிபெயர்ப்பு, பார்வையற்றோருக்குக் காட்சியைச் சொல்லால் விவரிக்கும் ஒலி விவரிப்பு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே கேட்கிறது. 16ஆம் பிரிவு, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். திரைகளும் பெரும்பாலான பாட வீடியோக்களும் அதற்குப் பிறகு வந்தவை. ஆகவே, பழைய கட்டடத்தில் சாய்தளம் கட்ட இடமில்லை என்று சொல்வதுபோல இதில் சாக்குச் சொல்ல முடியாது. சட்டம் இருக்கும்போதே அதை மீறித் தயாரித்திருக்கிறார்கள்.

செலவாகும் என்பார்கள். எங்கள் பையன்கள் இரண்டு பேர், ஒரு பத்து நிமிடப் பாடத்துக்குத் தமிழில் சப்டைட்டில் தட்டி ஏற்றினார்கள். ஒரு சாயங்காலம் ஆனது. மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினோம். ‘பச்சையம்’ என்ற சொல் வந்ததும் வீடியோவை நிறுத்தச் சொன்னாள். வெளியே ஓடிப்போய்ப் பூவரச இலை ஒன்றைப் பறித்துவந்து அந்தச் சொல்லின்மேல் வைத்தாள். சம்பளம் வாங்காத இரண்டு பட்டதாரிகளால் ஒரு மாலையில் முடிந்த வேலை, படப்பிடிப்புக் கூடமும் தொழில்நுட்பப் பிரிவும் வைத்திருக்கும் அரசால் முடியாது என்றால் நம்ப நாங்கள் தயாராக இல்லை.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறோம். சொற்களைப் பிடித்துக்கொண்ட அவளால் நீண்ட வாக்கியங்களைப் பின்தொடர முடியவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழாத தமிழை அவள் எழுத்தில் மட்டும் எப்படிக் கற்றிருப்பாள்? சின்ன வயதிலேயே சைகை மொழி கிடைத்திருந்தால் அதன்மேல் தமிழைக் கட்டியிருக்கலாம். கிடைக்கவில்லை. அதனால் சப்டைட்டில் மட்டும் போதாது, சைகை மொழியும் வேண்டும். இந்தியச் சைகை மொழி கையால் காட்டும் தமிழோ கையால் காட்டும் இந்தியோ அல்ல. தனி இலக்கணமுள்ள தனி மொழி. 2021இல் வந்த அதன் அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. இதையா ‘ஊமை பாஷை’ என்று கேலி செய்கிறது இந்தச் சமூகம்? நாம் வாயைத் திறந்தால் ‘சேரி பாஷை’ என்று முகத்தைச் சுளிக்கும் அதே சமூகம்தானே! மொழியை இழிவாக்கினால் அதைப் பேசும் மனிதரை இழிவாக்குவது சுலபம். இந்த வித்தையை நம்மீது பழகியவர்கள்தான் இப்போது அந்தக் குழந்தையின் கைகள்மீதும் காட்டுகிறார்கள்.

டெல்லி ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. பாடநூல்களைச் சைகை மொழியில் தர 2020 அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவுக்கும் சைகை மொழி ஆய்வு மையத்துக்கும் ஒப்பந்தம் ஆனது. 2024 டிசம்பர் 6 அன்று, அண்ணலின் நினைவு நாளில், சைகை மொழிக்கென்றே பி.எம். இ-வித்யாவின் 31ஆம் அலைவரிசையைத் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் எங்கள் பெண் படிப்பது தமிழ்நாட்டுப் பாடநூலை. அவள் எழுதப்போகும் தேர்வும் அதிலிருந்துதான். அந்தப் பாடத்துக்கு யார் சைகை மொழி தருவது? டெல்லியைக் கைகாட்டிவிட்டுச் சென்னை ஒதுங்க முடியாது.

இது ஊனமுற்றோர் பிரச்சினைதானே, இதில் சாதி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் அது 2.45 சதவீதம். தற்செயலா இது? கர்ப்பத்தில் சோறு யாருக்குக் குறைந்தது? பிரசவ வலியில் ஆட்டோவுக்கும் அலைந்தவர் யார்? பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்ல ஆளில்லாத குடும்பம் எது? பணமிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வயதுக்குள் கருவி, பயிற்சி, தனி ஆசிரியர் எல்லாம் வந்துவிடுகின்றன. நம் பிள்ளைக்கு ஐந்து வயதில் ‘பேசமாட்டேங்குது’ என்பதே அப்போதுதான் தெரிகிறது. அப்புறம் சாதிச் சான்றிதழுக்கு ஒரு அலுவலகம், ஊனச் சான்றிதழுக்கு ஒரு மருத்துவமனை. நாற்பது சதவீதம் இருக்கிறதா என்று அளக்க இரண்டு நாள் கூலி போகும்.

பெருந்தொற்றில் இது பச்சையாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 19 மாதங்களுக்கு மேல் பாடம் தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் போனது. நம் வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போயிருந்தது. போன் இருந்த வீட்டிலும் காது கேளாத பிள்ளைக்கு அதில் அசையும் உதடுகள் மட்டுமே கிடைத்தன. சாதியும் ஊனமும் சேரும்போது ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை. கதவு இரண்டு பக்கமும் பூட்டப்படுகிறது.

பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்கு வஞ்சனையே கிடையாது. நமக்குத் தண்ணீர் தராமல் ‘ஹரிஜன்’ என்றார்கள், கடவுளின் பிள்ளைகளாம். ஊனமுற்றவருக்குச் சாய்தளம் கட்டாமல் ‘திவ்யாங்’ என்கிறார்கள், தெய்வீக அங்கமாம். கடவுளோடு நம்மைச் சேர்த்துவிட்டால் மனிதருக்குரிய உரிமையைக் கேட்கமாட்டோம் என்று நினைப்பு. சக்கர நாற்காலி வழங்கும் விழாவில் நம் பிள்ளைகளை நிற்கவைத்து வீடியோ எடுக்க எப்போதும் கேமரா தயார். அந்தப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கும்படி ஒரு வீடியோ எடுக்கத்தான் கேமரா வருவதில்லை.

இன்னொரு தந்திரத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். திரை வைத்துவிட்டோம், இனி ஆசிரியர் எதற்கு என்ற திசையில் பேச்சு நகர்கிறது. தொடக்க வகுப்புகளில் ஊனமுற்ற பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. இங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு ஒருவராகப் பேருந்தில் அலைகிறார்கள். 2024-25இல் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டின் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது. அந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில்தான் ஊனமுற்ற பிள்ளைகளின் பயிற்சியும் இருக்கிறது. இருவர் சண்டையில் சிக்கியது குரலே இல்லாத குழந்தை. வீடியோ ஆசிரியருக்குக் கைக்கருவி. ஆசிரியருக்கு மாற்றாக அதைக் கொண்டுவந்தால் எதிர்ப்போம்.

நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். நம் இயக்கங்களின் மேடைகளில் சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா? ஏப்ரல் 14 கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்று பார்த்திருக்கிறோமா? நாம் வலையேற்றும் உரைகளுக்குச் சப்டைட்டில் போடுகிறோமா? நாங்களும் இதுவரை போட்டதில்லை. இனி போடுவோம். ஊனமுற்றோர் சங்கங்களுக்கும் ஒரு கேள்வி: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சாதி ஏன் இல்லை?

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. அரசுப் பணத்தில் தயாராகும் எந்தப் பாட வீடியோவும் தமிழ்ச் சப்டைட்டில், சைகை மொழி, ஒலி விவரிப்பு மூன்றும் இல்லாமல் வெளியாகக் கூடாது. ஏற்கெனவே வெளியானவற்றுக்குக் கெடு வைத்து இவற்றைச் சேர்க்க வேண்டும்.

2. அந்த வேலையில் காது கேளாத, பார்வையற்ற பட்டதாரிகளைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். எது புரியும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

3. மாநிலத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் விடுதிகளையும் கடைசி வரிசையில் வைக்காமல் முதலில் தொடங்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டு நிதிக்கு 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றிவிட்டது. அதிலிருந்து இதற்கு ஒதுக்குங்கள்.

4. சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கி, அறிவிக்கப்பட்ட விகிதத்தில் நியமிக்க வேண்டும்.

5. ஊனமுற்ற மாணவர் கணக்கைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணாத பிள்ளைக்கு நிதி வராது.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டால் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். திரையில் ஓடும் ஒரு பாடத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். என்ன புரிந்தது என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மாநில ஊனமுற்றோர் ஆணையருக்குப் புகாராக அனுப்புங்கள். சட்டத்தில் அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எங்களுடையதை அனுப்பிவிட்டோம். சொற்கள் இல்லாத அந்த ஒளிச்சேர்க்கைப் படத்தின் நகலையும் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டு அதோடு இணைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்!