கற்பூரச் சத்தியமும் ஓட்டுப் பெட்டியும்

சட்டசபைத் தேர்தல் வந்துவிட்டால் நமது சேலம், நாமக்கல் ஜில்லா கிராமங்களில் கற்பூரத்துக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்களில் சிலர் சும்மா கொடுத்துவிட்டுப் போவதில்லை. குலதெய்வத்தின் பேரைச் சொல்லிக் கற்பூரத்தை அணைக்கச் சொல்லுகிறார்கள். அல்லது பெற்ற பிள்ளையின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுகிறார்கள்.

ஒரு தேர்தலின்போது திருச்செங்கோட்டுப் பக்கத்தில் விசைத்தறிக் கூலி வேலை செய்யும் ஒரு அம்மாள் நம்மிடம் வந்து, "ஏனுங்க அண்ணா, ஐநூறு ரூபாய் வாங்கிப் போட்டனுங்க. பையன் தலையில கைவெச்சுச் சத்தியமும் பண்ணிப் போட்டேன். ஆனா அந்தாளுக்கு ஓட்டுப் போட மனசில்லீங்க. மாத்திப் போட்டா பையனுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கை நடுங்கிற்று. தோழர்களே! ஐநூறு ரூபாய் அந்த அம்மாளை வாங்கவில்லை. பிள்ளைப் பாசத்தின்மேல் ஏற்றிய பயம்தான் வாங்கிற்று.

இந்தச் சாமி ஓட்டில் தலையிடுகிறது என்றே வைத்துக்கொள்ளுவோம். 2021-ம் வருஷத் தேர்தலில் சேலம் ஜில்லாவின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்கும், 1 தி.மு.க.வுக்கும் கிடைத்தன. பக்கத்து நாமக்கல் ஜில்லாவின் 6 தொகுதிகளிலோ 4 தி.மு.க. கூட்டணிக்கும், 2 அ.தி.மு.க.வுக்கும் போயின. சேலத்துச் சாமி ஒரு கட்சி, நாமக்கல் சாமி வேறு கட்சி என்று சொல்லுவார்களா? இரு பக்கத்தாரும் நல்ல நேரம் பார்த்துத்தான் மனுப் போடுகிறார்கள். இரு பக்கத்தாரும்தான் தேங்காய் உடைக்கிறார்கள். ஜெயிக்கிறவர் ஒருவரே. இதில் சாமிக்கு என்ன வேலை?

சாமிக்குத் தெரியாவிட்டாலும் ஏஜெண்டுக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அதுவும் வீண் பயமே. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து, தானே உள்ளே விழுந்துவிடும். அது ஒருவர் கைக்கும் வராது. ஒரு சாவடியில் எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை ஓட்டு என்று வெளியாகுமே அன்றி, யார் யாருக்குப் போட்டார் என்பது வெளியாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவு, ஓட்டுக்கு லஞ்சம் தருவதை மாத்திரம் குற்றமாகச் சொல்லவில்லை. தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று ஓட்டரை நம்பவைப்பதையும் முறைகேடென்றே சொல்லுகிறது. அப்படியானால் அந்தச் சத்தியமே சட்டவிரோதமானது. அதற்குக் கட்டுப்படுவது யோக்கியம் அல்ல. அதை மீறுவது துரோகமும் அல்ல.

நிற்க, "அப்படியானால் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு இஷ்டப்படி போடலாமே" என்று கெட்டிக்காரத்தனம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். லஞ்சம் வாங்குவதும் குற்றம்தான். ஐநூறு ரூபாயை ஐந்து வருஷத்து நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இருபத்தேழு காசு. கொடுத்தவர் முதலை வட்டியோடு எடுக்காமல் விடுவாரா? 2016-ல் காவிரிக்குத் தெற்கே அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடாவினால் தேர்தலே ரத்தாயிற்று. பணம் வாங்காதவர்களும் அல்லவா அன்றைக்கு ஓட்டை இழந்தார்கள்?

1920-ல் சென்னை சட்டசபைக்கு நடந்த முதல் தேர்தலில் சொத்தும் வரியும் உள்ள ஆண்களுக்கே ஓட்டு இருந்தது. 1952-ல்தான் கூலிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் பண்ணையாரோடு சமமான ஓட்டு வந்தது. வரி கட்டாதவன் என்று அன்று மறுத்ததை, இன்று கற்பூரத்தைக் காட்டிப் பறித்துக்கொள்ள விடலாமா?

அந்த அம்மாள் தம் மனதுக்குப் பட்டபடியே ஓட்டுப் போட்டார். பையன் சுகமாகப் பள்ளிக்கூடம் போனான். ஆகையால் தோழர்களே, அடுத்த முறை கற்பூரத் தட்டோடு யாராவது வந்தால், "அந்தச் சத்தியத்தை முதலில் நீ செய், சட்டசபைக்குப் போய் எங்களுக்கு என்ன செய்வாய் என்று செய்" எனக் கேளுங்கள். தட்டு தானாகத் திரும்பிப் போய்விடும்.