வடக்கு எந்தப் பக்கம்?

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் புவியியல் மாணவி)

நம் கல்லூரி வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே வரும் பத்துப் பேரிடம் “வடக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டுப் பாருங்கள். காலை வேளையாயின் சூரியனைப் பார்த்து இருவர் சொல்லிவிடுவர். வானம் மூடியிருந்தால் எல்லாரும் கைப்பேசியை எடுப்பர். திசை தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். சமவெளியில் ஒன்றும் முழுகாது; நடத்துநர் ஊர் பார்த்து இறக்கிவிடுவார். மலையில் அப்படியன்று. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழியறியும் கலையை ஒவ்வொரு மாணவரும், குறிப்பாக ஒவ்வொரு மாணவியும், கற்றாக வேண்டும் என்பதே என் கருத்து.

இக்கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கியதிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை பிறந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய அரை டன் எடைக் கோணமானி சேதமுற்றது. அவரே பல வாரம் அமர்ந்து அதைச் சீர்செய்தார். இக்கலைக்கு இத்தனை பெரிய கருவி வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். குமாவோன் மலைநாட்டுப் பள்ளியாசிரியர் நயின் சிங் ராவத் 1866-இல் மாறுவேடத்தில் லாசாவை அடைந்தார். அவரது செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு அடி நடந்தால் ஒரு மணி தள்ளுவார். குறிப்புகள் வழிபாட்டு உருளைக்குள் ஒளிந்திருந்தன. சீரான நடையும் ஒரு சிறு ஊசியும் கொண்டே அவர் திபெத்தின் பெருவழியை அளந்து வந்தார்.

நாங்கள் ‘டோப்போ ஷீட்’ என்று வழங்கும் இந்திய நில அளவைத் துறையின் தலப்படத்தை எடுத்துக்கொள்வோம். 1:50,000 அளவையில் படத்தின் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். நீலம் நீர், பச்சை காடு, சிவப்பு சாலையும் குடியிருப்பும். பழுப்பு நிறத்தில் நெளிபவை சம உயரக்கோடுகள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் விலகியிருந்தால் நடக்கலாம். நெருங்கினால் மூச்சு வாங்கும். ஒன்றோடொன்று ஒட்டினால் அங்கே செங்குத்துப் பாறை. வழி தவறியவர்கள் ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்று நம்புவதுண்டு. அவ்வோடை எங்கே அருவியாய் விழுகிறது என்பதை அக்கோடுகள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஊசியையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். அது காட்டுவது காந்த வடக்கு. மெய் வடக்கு அன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோணமே காந்த ஒதுக்கம். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ இரண்டு பாகைதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலோ ஏறத்தாழ 15 பாகை. அங்கே அதைக் கணக்கில் கொள்ளாதவர் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் 250 மீட்டருக்கு மேல் விலகிவிடுவார். நமக்கு வேறு தொல்லை உண்டு. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது. அத்தகைய பாறைகளின் அருகே ஊசி பிறழும். கைப்பேசியும் சாவிக்கொத்தும்கூட ஊசியை இழுக்கும்.

இவையெல்லாம் நுட்பங்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. நிற்குமிடம் தெரியாதபோது, படத்திலும் கண்ணுக்கும் தெரியும் இரு குன்றுகளின் திசைக்கோணத்தைக் குறித்துப் படத்தில் இரு கோடுகள் வரைகிறோம். அவை வெட்டுமிடமே நாம் நிற்குமிடம். ஆனால் இரண்டு கோடுகள் எங்கேனும் வெட்டத்தான் செய்யும். ஆகவே மூன்றாவது குன்று ஒன்றையும் பார்க்க வேண்டும். அக்கோடும் அங்கேயே வந்து சேர்ந்தால் மெய். பெரிதும் விலகினால் எங்கோ பிழை. முன்னால் நடப்பவர் மூத்த மாணவரா, குரல் உயர்ந்தவரா என்று ஊசி பார்ப்பதில்லை. அதற்குத் தாட்சண்யம் கிடையாது. தனக்கு வேண்டிய இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, கண்முன் உள்ள மலையை அந்த நினைப்புக்கு ஏற்ப வளைப்பவரே காட்டில் தொலைகிறார். மேடைப் பேச்சையும் செய்தித்தாளையும் நாம் இப்படி மூன்றாவது கோடு வரைந்து சோதிக்கிறோமா?

கைப்பேசி இருக்க இது எதற்கு என்பர் சிலர். கைப்பேசியை நான் பழிக்கவில்லை. கோபுரத் தொடர்பு இல்லாத மலையிலும் அது செயற்கைக்கோளைக் கேட்டு இடத்தைச் சொல்லும். ஆனால் படத்தை முன்பே இறக்கி வைக்காவிடில், வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் அதுவும் இராது. வழிகாட்டி வருவாரே என்பர் வேறு சிலர். வரட்டும், வனத்துறை அனுமதியின்றிக் காட்டில் கால் வைப்பதே தவறு. மலைவாழ் மக்களின் நெஞ்சிலுள்ள படம் எந்த அச்சகமும் அச்சிடாதது. படம் படிக்கக் கற்றவர்க்கே அவர்களுடைய அறிவின் அருமை விளங்கும்.

பெற்றோரின் அச்சம் இவற்றினும் பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. மாண்டவருள் இளம்பெண்கள் பலர். வரைபடம் தீயைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்துயரத்துக்குப் பின் பல வீடுகளில் மகளுக்கு மலை என்பதே மறுக்கப்பட்டுவிட்டது. சென்ற ஆண்டுக் களப்பயணத்தில் மாணவர்கள் குன்றின்மேல் ஏறித் திசைக்கோணம் எடுத்தார்கள். மாணவியராகிய நாங்கள் அடிவாரத்தில் பேருந்தருகே அமர்ந்து அவர்கள் கொணர்ந்த எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். எங்கள் நலம் கருதியே அவ்வாறு செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எண்கள் சரியா என்று எங்களால் சொல்ல இயலவில்லை. பிறர் சொன்ன வழியைச் சரிபார்க்கத் தெரியாத நிலைக்குப் பாதுகாப்பு என்று பெயரிடலாமா?

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தலப்படங்கள் செய்முறைத் தேர்வு வரை அலமாரியில் சுருண்டு கிடக்க வேண்டாம். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். புவியியல் துறையின் படங்களும் என்.சி.சி.யின் திசைகாட்டிகளும் ஒன்று சேரட்டும். வரலாற்று மாணவரும் வணிகவியல் மாணவரும் வரட்டும். முதலில் விளையாட்டுத் திடலில் நூறு மீட்டருக்குத் தம் காலடி எத்தனை என்று எண்ணட்டும். பிறகு அனுமதி பெற்ற ஒரு குன்றுக்குச் செல்வோம். அங்கே படம் ஒவ்வொருவர் கைக்கும் முறைவைத்து வரட்டும். அன்று பேருந்தருகே அமர்ந்து எண்களை எழுதிக்கொள்ளும் வேலை எவருக்கும் வேண்டாம்.