மருதூர் ஒரு வாப்பாவின் பெயரா?

நூற்பட்டியல் தயாரிப்போரே, மருதூரைக் குடும்பப் பெயராக்காதீர்கள். மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, மருதூர் ஏ. மஜீத் மூவரையும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கிவிட்டால் அவர்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகிவிடுவார்களா? முதலிருவரின் மருதூர் மருதமுனை. மஜீதின் மருதூர் சாய்ந்தமருது. இரண்டுக்குமிடையே கல்முனை கிடக்கிறது.

குடும்பப் பெயர் நம்மிடம் வழக்கமில்லை. முன்னெழுத்தில் நிற்பது பெரும்பாலும் வாப்பாவின் பெயர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். மாறாமல் தொடர்வது உம்மா வழிக் குடி. அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. புனைபெயரிலுள்ள ஊரோ, எழுத்தாளன் தன் மண்ணுக்குச் செலுத்திய நன்றி. அதை வம்சப் பெயராக்கினால் நாளைய மாணவன் மருதமுனையின் கதையைச் சாய்ந்தமருதில் தேடுவான்.

மருதூர்க்கொத்தனுக்கு எதிரே ‘வி. எம். இஸ்மாயில், மருதமுனை’ என்றெழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குமா பஞ்சம்?